ஆட்டோபைலட் தடுமாறினால் முதலில் எங்கே பார்ப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சிறு விமானங்களைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டைப் பற்றியவை. பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, "பழுது ஒன்றும் இல்லை" என்ற சீட்டோடு அது திரும்பி வந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோபைலட்டுக்குச் சொந்தக் கண் கிடையாது. சாய்வையும் திசையையும் உணரும் ஜைரோவும் ரேடியோவும் சொல்வதைக் கேட்டு, சர்வோ என்ற சின்ன மோட்டாரைத் திருப்புவதுதான் அதன் வேலை. அதனால் பெட்டியில் கை வைப்பதற்கு முன், அதற்குள் போகும் தகவலையும் அதிலிருந்து வெளியே போகும் கேபிளையும் பாருங்கள்.

கேள்வி: ஆட்டோபைலட்டைப் போட்டதும் இறக்கைகள் இடமும் வலமுமாக மெதுவாக ஆடுகின்றன. தரையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

எந்த மோடில் ஆடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். காற்று அடங்கிய ஒரு நாளில், போதுமான உயரத்தில், இறக்கையை மட்டும் சமமாக வைக்கும் மோடில் ஐந்து நிமிடம் பறந்து பாருங்கள். அப்புறம் குறித்த திசையைப் பிடிக்கும் ஹெடிங் மோடு, அப்புறம் ரேடியோவோ ஜிபிஎஸ்ஸோ காட்டும் பாதையைப் பிடிக்கும் நேவ் மோடு. நேவ் மோடில் மட்டும் ஆடினால் உள்ளே வரும் சிக்னலில் கோளாறு. ஹெடிங் மோடிலேயே ஆரம்பித்துவிட்டால், டிஜி என்று நாம் சொல்லும் திசை ஜைரோவைச் சந்தேகிக்கலாம். மூன்றிலும் ஆடுகிறதா? அப்படியானால் அடிப்படை ஜைரோ, சர்வோ, கேபிள் ஆகியவற்றில் ஒன்று.

என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது கேபிள்தான். சர்வோவிலிருந்து கிளம்பி இறக்கையைச் சாய்க்கும் எய்லரானின் கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கேபிள் தளர்ந்திருந்தால், சர்வோ திரும்பத் தொடங்கியும் சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. தொய்வு முழுவதும் இழுபட்ட பிறகுதான் எய்லரான் அசையும். அதற்குள் இறக்கை சாய்ந்திருக்கும்; ஆட்டோபைலட் கூடுதலாகத் திருத்தும்; பிறகு மறுபக்கம் அதே கதை.

தரையில் சரி, மேலே போனால் ஆட்டம் என்பதற்கும் இங்கேயே காரணம் இருக்கிறது. குளிரில் அலுமினிய உடல் சுருங்கும் அளவில் எஃகுக் கேபிள் ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். உடல் குறுக, கேபிள் தளர்ந்துபோகும். மெயின் கேபிளின் இழுவிசையை முதலில் சரிசெய்துவிட்டுச் சின்னக் கேபிளுக்கு வாருங்கள். விரலால் அழுத்திப் பார்த்து "போதும்" என்று சொல்லும் வேலை இல்லை இது. டென்ஷன் மீட்டரை வைத்து, பராமரிப்புக் கையேட்டில் அன்றைய வெப்பநிலைக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: நேவ் மோடில் விமானம் ஆடாமல் அசையாமல் போகிறது. ஆனால் பாதைக்கு மேல் போகாமல், அதற்கு இணையாகப் பக்கத்தில் போகிறது. பாதை விலகலைக் காட்டும் ஊசி எப்போதும் வலப்பக்கம் ஒதுங்கியே நிற்கிறது.

உங்களிடம் இருப்பது பழைய டிஜியும், அதில் திசையைக் குறித்து வைக்கும் ஹெடிங் பக்கும் என்றால், டிஜி நகர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட பல அமைப்புகளில் நேவ் மோடுக்கு முன் ஹெடிங் பக்கைப் பாதையின் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும்; ஆட்டோபைலட் அதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். டிஜி 8 டிகிரி பொய் சொன்னால் அந்தப் பொய்க்கும் ஊசியின் விலகலுக்கும் நடுவே ஓர் இடத்தில் விமானம் சமாதானமாகிவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் இணைகோடு.

டிஜி கொஞ்சம் நகர்வது இயற்கை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் ஏற்படும் நகர்வு பூமத்திய ரேகையில் இருக்காது. 45 டிகிரி அட்சரேகையில் மணிக்குப் பத்தரை டிகிரி அளவுக்கு வரும். 15 நிமிடத்தில் 3 டிகிரி வரை பொதுவாக ஏற்கலாம். அதற்கு மேல் போனால், ஜைரோவைச் சுழற்றும் உறிஞ்சலைக் காட்டும் வேக்குவம் கேஜைப் பாருங்கள். பெரும்பாலான சிறு விமானங்களில் அது 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரசத்துக்குள் நிற்க வேண்டும். கேஜ் சரியாக இருந்தும் டிஜி நகர்கிறதென்றால் ஜைரோவின் பேரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்திய பிறகு காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். நல்ல ஜைரோ வெகு நேரம் வழுக்கிக்கொண்டே அடங்கும். தேய்ந்தது கரகரவென்று உராய்ந்து சீக்கிரம் நின்றுவிடும்.

கேள்வி: விஓஆர் (தரை நிலையத்திலிருந்து திசை சொல்லும் ரேடியோ) ஊசி சீராக அலைகிறது. ரிசீவரை மாற்றிப் பார்த்தாயிற்று.

ப்ரொபெல்லரின் ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சில சுழற்சி வேகங்களில் ப்ரொபெல்லரே சிக்னலை வெட்டி வெட்டி ஊசியை 6 டிகிரி வரை ஆட்டும். ஆர்.பி.எம். மாறியதும் ஆட்டம் நின்றால் அதற்குச் செலவே இல்லை.

கேள்வி: சில அலைவரிசைகளில் மைக்கை அழுத்திப் பேசும்போது மட்டும் ஜிபிஎஸ் நின்றுபோகிறது. ஜிபிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். ஜிபிஎஸ் கேட்கும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.15, 121.175, 121.2 இவற்றை 13-ஆல் பெருக்கிப் பாருங்கள். மூன்றுமே அதன் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் ரேடியோ வெளியிடும் 13-வது ஹார்மோனிக், அதாவது அலைவரிசையின் 13 மடங்கில் கசியும் அலைதான் ஜிபிஎஸ்ஸை மூழ்கடிக்கிறது. 131.25-ஐ 12-ஆல் பெருக்கினாலும் அதே இடம்தான்.

வெட்டவெளியில் விமானத்தை நிறுத்தி, கோபுரத்தின் அனுமதியோடு, இந்த அலைவரிசைகளில் ஒவ்வொன்றாக அரை நிமிடம் மைக்கை அழுத்தி, செயற்கைக்கோள் சிக்னல் பட்டைகள் எப்போது சரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த ரேடியோவில் சரிகிறது என்பதும் முக்கியம். பலர் மறந்துவிடும் ஒரு சந்தேகப் புள்ளி, விபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசரகால இஎல்டி. சும்மா இருக்கும் அதன் ஆன்டெனா, ரேடியோவின் அலையை வாங்கித் திரும்ப உமிழக்கூடும். டெக்னீஷியன் அதன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மருந்து, ஒரு ஃபில்டர்.

கேள்வி: புதுக் காம்பஸ் மாட்டியும் பிசகு அப்படியே இருக்கிறது.

எனக்கும் ஒரு விமானத்தில் இதே பிரச்சினை வந்தது. 20 டிகிரி பிசகு. கடைசியில் காம்பஸைத் தாங்கும் நான்கு திருகுகளையும் கழற்றி, நூலில் தொங்கவிட்ட ஒரு சின்னக் காந்தத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். மூன்றுக்குக் காந்தம் அசையவே இல்லை. நான்காவதும் பார்வைக்குப் பித்தளைதான். ஆனால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே எஃகு, மேலே பூச்சு. இந்தச் சோதனையைக் காம்பஸிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். அப்படியே கண்ணாடியருகில் ஒட்டிய கேமரா, டேப்லெட் உறையில் இருக்கும் காந்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரேடியோக்களைப் போட்ட நிலையில் மறுபடி காம்பஸ் ஸ்விங் (விமானத்தைப் பல திசைகளில் திருப்பிப் பிசகைச் சரிபார்ப்பது) செய்யுங்கள்.

கேள்வி: உயரத்தைப் பிடிக்கும் மோடில் விமானம் மெதுவாக ஏறி இறங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயில் தண்ணீர் இருக்குமோ?

இருக்கலாம். மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ ஆரம்பித்திருந்தால் நிச்சயம் பாருங்கள். ஆனால் தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். ஆல்டிமீட்டரும் ஏறு-இறங்கு வேகமானியும் அந்த அழுத்தத்தில் கெட்டுப்போகும். வடிகாலைத் திறந்து விடுங்கள், பிறகு கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுத்தீர்களா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள். 1996-இல் ஏரோபெரு 603 விமானம் அப்படி மறந்துபோன டேப்பால்தான் கடலில் விழுந்தது. அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள்.

கேள்வி: விமானத்தின் மூக்கை ஒரே நிலையில் நிறுத்தும் ட்ரிம் தானாக ஓட ஆரம்பித்தால்?

யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்கை) இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து விமானத்தை நேராக வையுங்கள். ஆட்டோபைலட் துண்டிப்புப் பொத்தானை அழுத்துங்கள், கையை எடுக்காதீர்கள். ட்ரிம்முக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிம் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். அதன் பிறகே கையால் ட்ரிம் செய்யுங்கள். அந்தப் பயணத்தில் அதை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் யோக்கைத் தள்ளினால், அது உங்களுக்கு எதிராக ட்ரிம்மைத் திருப்பிக்கொண்டே போகும். ஓடும் ட்ரிம் என்று புகார் வந்த சில விமானங்களில் நான் கண்டது இதைத்தான். அதனால் முதலில் துண்டியுங்கள், பிறகு தள்ளுங்கள். ட்ரிம் பிரேக்கருக்கு ஒரு வண்ண வளையம் போட்டு, இன்ஜின் நின்றிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுப் பழகுங்கள். தடவித் தேடாமல், முதல் தொடலிலேயே விரல் அதன் மேல் விழ வேண்டும்.