சைக்கிளில் போனால் மரத்துப்போகிறது: டிஸ்க்கா, சீட்டா?

கேள்வி: வயது 52. வேதாளையில் வீடு. மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மகன் விட்டுப்போன சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஆறு மாதமாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு) பிதுங்கியிருக்கிறதாம். முழங்காலில் சத்தம் வருகிறது. பிரஷர் மாத்திரையோடு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கினால் கால் இடுக்கில் மரத்துப்போய், கால் மணி நேரம் உணர்ச்சியே இருப்பதில்லை. நெட்டில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. சைக்கிளை விற்றுவிடட்டுமா, நல்லதாக வேறு வாங்கட்டுமா?

பதில்: மரத்துப்போவதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அதுவும் எழுதி அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். கால் விழுந்துவிடுமோ, ஆண்மை போய்விடுமோ என்பதுதான் பயம், இல்லையா?

விடையும் உங்கள் வரியிலேயே இருக்கிறது. ‘சாயங்காலம்’ என்கிறீர்கள். இது கச்சான் காலம், மேற்கிலிருந்து காற்று வீசும். காலையில் கிழக்கே மண்டபம் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், நிமிர்ந்து உட்கார்ந்து போவீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். தலையைக் கவிழ்த்து, கைப்பிடியில் படுத்துக்கொண்டு மிதிப்பீர்கள். அப்போது உடம்பின் பாரம் பின்புற எலும்புகளை விட்டு நகர்ந்து சீட்டின் மூக்கில் இறங்குகிறது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் அழுந்துகின்றன. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அதே கதைதான். இறங்கிய கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பினால் பழி டிஸ்க் மேல் இல்லை. அதற்காக அலட்சியமும் வேண்டாம். மாதக்கணக்கில் இப்படியே அழுத்தினால் மரப்பு தங்கிவிடலாம்.

வேறொரு மரப்பு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிளைத் தொடாத நாளிலும் அந்த இடம் மரத்திருப்பது, கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியாமல் போவது, சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் கசிவது, இரண்டு காலும் துவள்வது. இதில் ஒன்று வந்தாலும், முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக்கொத்தை டிஸ்க் நசுக்குகிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மதுரைக்கு அனுப்பினால் மறுபேச்சு பேசாமல் ஏறுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று நான்கு நாள் கழித்து வந்த ஒருவர், இன்றைக்கும் சிறுநீர்க் குழாயும் பையுமாகத்தான் நடமாடுகிறார்.

மற்றவை சில்லறை. ஐம்பதைத் தாண்டிய பாதிப் பேருக்கு மேல், வலியே இல்லாதவர்களுக்கும், ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும். வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தம் வெறும் சத்தம். சைக்கிளில் உங்கள் எடையைச் சீட் சுமக்கிறது, மூட்டுக்கு நல்லதுதான்.

ஆனால் அந்த டைக்ளோஃபினாக்! யார் எழுதிக் கொடுத்தது? மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்றால் இன்றோடு நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், வெயிலில் வியர்த்து வழிகிறவர், அதை மாதக்கணக்கில் விழுங்கினால் பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். இடுப்பு வலியைவிட எனக்கு அதுதான் கவலை.

சைக்கிளை விற்க வேண்டாம், முதலில் சரிசெய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை மிதியில் வைத்து அடிவரை மிதியுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு, முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் உயரம். உப்புக் காற்றில் சீட் கம்பி துருவேறிப் பிடித்திருக்கும். கடைக்காரர் சுத்தியலை எடுக்குமுன் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடச் சொல்லுங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது, மட்டமாக இருக்கட்டும். கைப்பிடி சீட்டைவிடக் கொஞ்சம் உயரமாக வேண்டும். பழைய கறுப்பு சைக்கிளில் வருமே, மேலேறி நம் பக்கம் வளைந்து வரும் கைப்பிடி, அதுபோல மாற்றினால் முதுகுக்கும் சேர்த்து நல்லது. மெத்தென்ற ஜெல் உறை வாங்காதீர்கள். எலும்பு அதில் புதைந்து, நடுப்பகுதி இன்னும் அழுத்தும். பின்புறம் அகன்று, ஓரளவு கெட்டியாக, நடுவில் பள்ளம் விட்ட சீட்டே சரி.

அப்புறமும் புதிதாக வாங்கத்தான் ஆசை என்றால், நின்றபடி இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட, குறுக்குக் கம்பி இடிக்காத சைக்கிளாகப் பாருங்கள். மட்டமான தார் ரோட்டுக்கு முன்பக்க ஷாக் அப்சார்பர் வீண் பாரம். எதிர்காற்றுக்கு ஒரு லேசான கியர் உதவும், சங்கிலிக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டியிருக்கும்.

சீட்டை மாற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மரத்துப்போனால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், நரம்பியல் மருத்துவரிடம் நேரில் போய்க் காட்டுங்கள்.