ஃபில்லிங் பல்லில் எப்படி ஒட்டுகிறது? – பல் டாக்டரிடம் கேள்வி பதில்

பல்லை அடைக்கும்போது பயன்படும் பசை பற்றி மட்டும் கேளுங்கள். வாயைப் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை சொல்ல மாட்டேன்.

கேள்வி: டாக்டர், வாய் எப்பவும் எச்சிலா இருக்கு. அதுல போய் ஒரு பசை எப்படி ஒட்டுது?

பதில்: உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவும் வழக்கம் உண்டு. அதையே பல்லில் செய்து பார்த்தவர் மைக்கேல் புவோனகோர். 1955-இல் 85 சதவீத அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினார். இன்று பெரும்பாலும் 37 சதவீத ஜெல்.

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. அமிலம் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். கழுவிக் காற்றடித்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். பசை நீர்த்த நிலையில் குழிகளுக்குள் இறங்கி, விளக்கொளியில் இறுகி, ஆயிரக்கணக்கான வேர்களாகப் பிடித்துக்கொள்கிறது.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு கதை. தாது 70 சதவீதம்தான். மீதி கொலாஜன் நாரும் தண்ணீரும். அமிலம் தாதுவைக் கரைத்ததும் நார்வலை தண்ணீரில் மிதந்து நிற்கும். அதை வறட்டிக் காயவைத்தால், குளத்திலிருந்து எடுத்த பாசிபோல வலை படுத்துவிடும். பசை நுழைய வழி இருக்காது. நார்களுக்கு இடையே பசை நிறைந்து இறுகினால் வருவதுதான் ஹைப்ரிட் லேயர். 1982-இல் நகபயாஷி காட்டியது. சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் டென்டினில் ஃபில்லிங்கின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கழன்ற கேப்பை ஃபெவிக்விக் வச்சு ஒட்டிக்கலாமா?

பதில்: கூடாது. கேப் தன் இடத்தில் உட்காராது, உள்ளே சொத்தை இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். கேப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அந்த நீல விளக்கு புற ஊதாக் கதிரா?

பதில்: இல்லை. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி, சுமார் 470 நானோமீட்டர். நேராகப் பார்க்காதீர்கள், ஆரஞ்சுத் தடுப்பு அதற்குத்தான்.

கேள்வி: மேடம், நான் பல் மருத்துவம் படிக்கிறேன். டென்டினில் 15 விநாடிக்கே இவ்வளவு பிடிக்குதுன்னா, 60 விநாடி ஆசிட் வச்சு அரிக்கவிட்டா, அதாவது எட்ச் பண்ணா, இன்னும் பலமா இருக்கும்தானே?

பதில்: இருக்காது, தம்பி. அமிலம் போன ஆழத்துக்குப் பசை போகாது. அடியில் பசை சேராத வெற்று நார்கள் மிஞ்சும். டென்டினுக்குள்ளேயே இருக்கும் எம்எம்பி என்ற நொதிகளும் தண்ணீரும் அவற்றை மெல்ல அரிக்கும். முதல் நாள் கல்லாக இருக்கும், பிறகு ஓரம் கசியும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் 60 விநாடின்னுதானே மேடம் இருக்கு?

பதில்: அது எனாமலுக்கு. அதற்கும் 15 முதல் 30 விநாடி போதும் என்று பின்னால் தெரிந்தது.

கேள்வி (இன்னொருவர்): நானும் பல் டாக்டர்தான். தானே அரிச்சு ஒட்டுற செல்ஃப் எட்ச் பசை இருக்கும்போது தனியா ஆசிட் எதுக்கு? தம்பியை ஏன் குழப்புறீங்க?

பதில்: டென்டினில் உங்கள் பக்கம்தான் நானும். அந்த வகைப் பசைகள் பலவற்றில் உள்ள எம்டிபி மூலக்கூறின் ஒரு முனை பல்லின் கால்சியத்தைப் பிடிக்கிறது, மறுமுனை ஃபில்லிங்கில் உள்ள ரெசின் என்ற பிளாஸ்டிக்கோடு சேர்கிறது. ஆனால் மென்மையான செல்ஃப் எட்ச் எனாமலைப் போதிய அளவு அரிப்பதில்லை. அதனால் எனாமல் ஓரத்துக்கு மட்டும் ஜெல், டென்டினுக்கு செல்ஃப் எட்ச் என்பதே என் வழி.

கேள்வி (அதே டாக்டர்): என் கேஸ்கள் ஜெல் இல்லாமலே நிக்குதே?

பதில்: உங்கள் கை சுத்தமாக இருக்கும். பாட்டிலைவிட ஈரக் கட்டுப்பாடுதான் முக்கியம். நான் போட்ட ஒன்று 3 மாதத்தில் கழன்றது. ஈறு ஓரத்தில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி எட்ச் செய்யாமல் பசை தடவியிருந்தேன். அன்று முதல், பல்லைச் சுற்றி ஈரம் வராமல் தடுக்கும் ரப்பர் திரையான ரப்பர் டாம் இல்லாமல் பாண்டிங், அதாவது பசை ஒட்டும் வேலை, செய்வதில்லை.

கேள்வி: பல்லை வெள்ளையாக்கிட்டு உடனே ஃபில்லிங் போடலாமா?

பதில்: 2 வாரம் பொறுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் பசையை இறுகவிடாது. கிராம்பில் உள்ள யூஜினாலும் அப்படியே. தற்காலிக அடைப்பில் அது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபில்லிங் போட்டு எப்ப சாப்பிடலாம்?

பதில்: விளக்கொளியில் இறுகும் ஃபில்லிங் என்றால், மரத்துப்போனது தெளிந்ததும்.

கேள்வி: எத்தனை மணி நேரம் கழிச்சு சாப்பிடலாம்?

பதில்: இப்போதுதான் சொன்னேன். மேலே பாருங்கள்.

கேள்வி: இம்ப்ளான்ட் வைக்கலாமா?

பதில்: என் துறை இல்லை. அதைச் செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உடைஞ்ச முன்பல் துண்டு கையில இருக்கு. சூப்பர் க்ளூ கொஞ்சூண்டு வைக்கலாமா?

பதில்: கொஞ்சம்கூட வேண்டாம்! துண்டைப் பாலிலோ சலைனிலோ போட்டு, காயவிடாமல் இன்றைக்கே கொண்டுபோங்கள். பொருந்தினால் அதே துண்டை முறையாக பாண்ட் செய்ய முடியும். உங்கள் க்ளூ பட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கேள்வி: மேடம், மறுபடியும் நான்தான். ஆசிட் போட்ட டென்டின்ல சரியான ஈரம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: கழுவியபின் காற்றை நேராக அடிக்காதீர்கள். சின்னப் பஞ்சு உருண்டையால் ஒற்றி எடுங்கள். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள்: டென்டின் மினுமினுக்க வேண்டும், மூலையில் தண்ணீர் தேங்கக் கூடாது. மினுமினுப்பு போய்விட்டால் தண்ணீர் தொட்ட மைக்ரோ பிரஷ்ஷால் ஒருமுறை தடவுங்கள், வலை மறுபடி எழும். அதன்பிறகு பசையை 20 விநாடி தேய்த்துத் தடவி, கரைப்பான் பறக்க மெல்லக் காற்று விடுங்கள். மேற்பரப்பில் அலை ஓடுவது நின்றதும் விளக்கைப் பிடிக்கலாம்.