இடக்கையைப் பாருங்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். செங்காங் வட்டாரத்தில் ஒரு கிளினிக்கில் குடும்ப மருத்துவராகப் பணிபுரிகிறேன். முகத்துக்குப் போடும் அழகூசிகளைக் கற்க விரும்பி, அதற்கான பயிற்சி வகுப்பில் பதிவு செய்திருக்கிறேன். இதற்கிடையே, நான்கு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் மூத்த மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நின்று, அவர் தசையைத் தளர்த்தும் போடாக்ஸும் தோலடியை நிரப்பும் ஃபில்லரும் போடுவதைப் பார்த்து வருகிறேன். 100 முகங்களுக்கு மேல் பார்த்திருப்பேன். ஆனாலும், நாளை நீங்களே போடுங்கள் என்றால் எங்கே தொடங்குவதென்று எனக்குத் தெரியாது. அவரிடம் சொன்னால், "பார்த்துக்கொண்டே இருங்கள், கை தானாக வரும்" என்கிறார். அது உண்மையா? போதாக்குறைக்கு என் சித்தி மகள், தீபாவளிக்குள் தன் நெற்றியிலேயே போட்டுப் பழகிக்கொள்ளச் சொல்கிறாள்.

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் மூத்தவர் சொன்னது பாதி உண்மை. பார்ப்பதால் கண் பழகும், கை பழகாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, கண்ணும் இன்னும் சரியான இடத்தில் பழகவில்லையோ என்றுதான் தோன்றியது. நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

கற்றுக்கொண்ட காலத்தில், அதிகம் பேசாத ஒரு மூத்தவரின் அருகில் மாதக்கணக்கில் நின்றேன். புருவங்களுக்கு இடையிலான கோடுகளுக்கு அவர் 5 இடங்களில் ஊசி போடுவது கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்கு எனக்கு மனப்பாடம். பிறகு அவருடைய மேற்பார்வையில் நானே போடத் தொடங்கிய சில வாரங்களில், ஒரு பெண்மணிக்கு இடது மேலிமை இறங்கிவிட்டது. மருந்து கண்குழியின் விளிம்பைத் தாண்டிக் கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையை எட்டியிருந்தது. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் என்பது மருத்துவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஒரு கண் சொருகியபடி அத்தனை நாளும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு அது ஆறுதல் ஆகாது. மூத்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்தவருக்கு ஊசி போடும்போது, "என் இடக்கையைப் பார்" என்று மட்டும் சொன்னார். ஊசி உள்ளே இருந்த நேரம் முழுவதும் அவருடைய இடக்கைக் கட்டைவிரல் கண்குழியின் மேல்விளிம்பு எலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே ஊசிமுனை நிற்கிறதா என்பதையும் அந்த விரல்தான் அளந்துகொண்டிருந்தது. அத்தனை மாதங்களும் என் கண் சிரிஞ்சு பிடித்த கையைவிட்டு நகரவே இல்லை.

பார்க்கிறவருக்குத் தெரியாத இன்னொன்று ஆழம். புருவத்தைச் சுருக்கும் தசை, மூக்கை ஒட்டிய பக்கத்தில் எலும்பிலிருந்து தொடங்கி, வெளிப்பக்கம் போகப்போக மேலேறித் தோலில் முடிகிறது. ஆகவே கைதேர்ந்தவர் உள்முனையில் ஆழமாகவும் வெளிமுனையில் மேலோட்டமாகவும் போடுகிறார். பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே குத்தாகத்தான் தெரியும். ஊசிமுனை எலும்பைத் தொடும்போது விரலில் எழும் சிறு தடையை எத்தனை சனிக்கிழமை நின்றாலும் கண்ணால் அறிய முடியாது. அதற்கு உடற்கூறு மேசையும், உங்கள் கையின்மேல் கண் வைத்திருக்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். சரும நிபுணர்களும் பிளாஸ்டிக் அறுவை நிபுணர்களும் அல்லாத மருத்துவர்கள் திறன் சான்றிதழ் பெற்ற பிறகே இந்த ஊசிகளைப் போட வேண்டும் என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றம் 2008-ல் நெறி வகுத்ததை வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்களை அறிவேன். எனக்கு அந்த அலுப்பு இல்லை.

மருந்தைக் கரைக்கும் மேசை அருகே நீங்கள் நின்றதுண்டா? பெரும்பாலும் பார்வையாளர் அறைக்குள் வருவதற்கு முன்பே சிரிஞ்சு தயாராகிவிடும். 100 யூனிட் போடாக்ஸை 2.5 மில்லிலிட்டர் உப்புநீரில் கரைத்தால், 0.1 மில்லிலிட்டரில் 4 யூனிட் இருக்கும். 5 இடங்களுக்கு 20 யூனிட். புருவக் கோடுகளுக்காக 2002-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அளவு அதுதான். அதே புட்டியை 1 மில்லிலிட்டரில் கரைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய சிரிஞ்சில் அதே 0.1 கோட்டுக்குள் 10 யூனிட் இருக்கும். போடாக்ஸ் போன்ற இன்னொரு மருந்தான டிஸ்போர்ட்டின் யூனிட்டோ வேறு கணக்கு. அதே இடத்துக்கு அதில் 50 யூனிட் போடுவார்கள். ஆகவே, இடத்துக்கு ஒரு கோடு என்று கண்ணளவில் கற்றவர் கிளினிக் மாறிய முதல் நாளே இரண்டரை மடங்கு மருந்தைப் போட்டுவிடக்கூடும்.

வரும் சனிக்கிழமை ஒன்று செய்து பாருங்கள். மூத்தவர் சிரிஞ்சை எடுக்கும் முன், வந்திருப்பவரின் முகம் பேசும்போதும் சிரிக்கும்போதும் புருவத்தை நெறிக்கும்போதும் எப்படி அசைகிறது என்று கவனித்து, ஒரு காகிதத்தில் முகத்தை வரைந்து, நீங்களாக இருந்தால் எந்த இடத்தில் எத்தனை யூனிட் போடுவீர்கள் என்று குறித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் போன பிறகு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. உதாரணமாக, நெற்றிக் கோடுகளுக்கு நீங்கள் தாராளமாகக் குறித்திருப்பீர்கள். அவர் பாதிகூடப் போட்டிருக்க மாட்டார். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான். இமை ஏற்கெனவே தளர்ந்தவர்கள் அதை இறுக்கித்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள். அதை முழுக்க அடக்கினால் புருவம் கண்ணின்மேல் வந்து உட்காரும். எதுவும் போடாமல் அவர் திருப்பி அனுப்பும் ஆட்களைப் பற்றி அவசியம் கேளுங்கள். அந்தக் காரணங்களை வகுப்பில் யாரும் இவ்வளவு விரிவாகச் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை மட்டும் போவதில் ஒரு குறை உண்டு. இந்த மருந்து 2, 3 நாட்களில் வேலையைத் தொடங்கி, முழுப் பலனைக் காட்ட ஏறத்தாழ 2 வாரம் ஆகிறது. நீங்கள் பார்த்த 100 முகங்களில் எத்தனை முகங்களை 2 வாரம் கழித்து மீண்டும் பார்த்தீர்கள்? இந்தத் துறை பிறந்ததே திரும்பி வந்த ஒரு நோயாளியின் பேச்சிலிருந்துதான். 1987-ல் கனடாவின் வான்கூவர் நகரில், கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைத் துடிப்புக்காக இதே மருந்தைப் போட்டுவந்தார். புருவ நடுவில் இம்முறை ஏன் போடவில்லை என்று ஒரு நோயாளி குறைப்பட்டுக்கொண்டார். அங்கே போட்டால் தன் முகம் கவலையற்றுத் தெரிகிறதாம். சரும மருத்துவரான கணவர் அலஸ்டேரிடம் ஜீன் இதைச் சொல்ல, அவர்களுடைய வரவேற்பாளர் முதல் ஆளாகத் தன் நெற்றியைக் கொடுத்தார். 1992-ல் இருவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மறுபார்வைக்கு வருகிறவர்களின் நாட்களைக் கேட்டு, அந்த நாட்களிலும் போய் நில்லுங்கள்.

ஃபில்லரைப் பொறுத்தவரை, பார்த்துக் கற்பதில் எனக்கு நம்பிக்கை மிகக் குறைவு. போடாக்ஸில் பிழைத்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் காத்திருக்க முடியாது. புருவ நடுவிலும் மூக்கிலும் ஓடும் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புடையவை. அழுத்திச் செலுத்தினால் ஃபில்லர் எதிர்த்திசையில் பயணித்து விழித்திரைக்குப் போகும் குழாயை அடைக்கக்கூடும். பார்வை நிரந்தரமாகப் போவதற்கு ஒன்றரை மணி நேரம்கூட வேண்டாம். சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்துப் பார்த்தபோது இரத்தம் வரவில்லை என்பது உத்தரவாதம் அல்ல. நல்ல கைக்காரரிடம் நீங்கள் ஆண்டு முழுவதும் நின்றாலும் இதில் ஒன்றையும் பார்க்காமல் போகலாம். எனவே, ஃபில்லரைக் கரைக்கும் மருந்தான ஹையலுரானிடேஸ் எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை புட்டி இருக்கிறது, எந்தக் கண் மருத்துவரை அழைப்பார் என்பதையெல்லாம் அவரிடம் நேராகக் கேளுங்கள். பாடப் படங்களில் குழாய் அடைபட்டுத் தோல் வெளுத்துக் காட்டும் முகங்கள் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். நம் நிறத் தோலில் அந்த வெளுப்பு எளிதில் கண்ணில் படாது. விரலால் அழுத்தி விட்டு, இரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும். ஃபில்லரில் பெரும்பாலும் மரப்பு மருந்து கலந்திருப்பதால், வலிக்கவில்லை என்று வந்திருப்பவர் சொல்வதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நீங்கள் அறையில் நிற்கலாமா என்று வருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் மூத்தவர் கேட்கிறாரா? வருகிறவர் தமிழராக இருந்தால், நீங்கள் அறைக்கு வெளியே இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். இந்தத் தீவில் நம்மவர் கூட்டம் சிறியது, தேக்கா சந்தையிலோ ஒரு கல்யாண வீட்டிலோ மறுநாளே உங்களைச் சந்திக்க நேரலாம் என்று தெரிந்தவர், எதிரில் நிற்கும் உங்களைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார், உள்ளுக்குள் சுருங்கிக்கொள்வார்.

சித்தி மகளுக்கு என் பதில்: வீட்டில் வேண்டாம். வான்கூவர் வரவேற்பாளரை அவர் எடுத்துக்காட்டினால், அவருக்கு ஊசி போட்டவர்கள் அந்த மருந்தை அதற்கு முன்பே நோயாளிகளுக்குப் போட்டுப் பழகியிருந்தார்கள் என்று சொல்லுங்கள். உங்களுக்குச் சான்றிதழ் வரட்டும். அதன்பின் அவர் கிளினிக்கில் முறைப்படி பதிவு செய்துகொண்டு, மூத்தவர் உங்கள் பக்கத்தில் நிற்கும் நாளில் வரட்டும். அதுவும் தீபாவளி கழிந்த பிறகு. ஒருவேளை இமை இறங்கினால், உங்கள் குடும்பத்தின் அவ்வருடத் தீபாவளிப் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும்.