வீட்டிலேயே நடத்தும் சின்னத் தொழிலுக்குத் தீயணைப்பான் ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா?

வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, துணி பண்டல்கள் என்று தொழில் நடத்துவதாகவும், ஒரு தீயணைப்பான் வாங்கிச் சுவரில் மாட்டினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக வாங்குங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உங்கள் அறையிலேயே இருக்கின்றன, பாதிக்கு மேல் காசே ஆகாது.

நானும் வீட்டோடு சேர்ந்த பட்டறை வைத்திருந்தவன்தான். கொஞ்ச நாளாகவே சாயந்திரமானால் அறையில் லேசாக மீன் வாடை அடிக்கும். வீட்டில் மீன் சமைக்கவே இல்லை. அலமாரிக்குப் பின்னால் எலி எதுவும் செத்துக் கிடக்கிறதோ என்று இழுத்துப் போட்டுத் தேடினேன், எதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கியபோது அதன் உலோகப் பின் விரலைச் சுட்டது. திருப்பிப் பார்த்தால், பாக்ஸில் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகி உள்ளே மடிந்திருந்தது. சூடேறிய பிளக், சுவிட்ச் பிளாஸ்டிக்கிலிருந்து இப்படி மீன் வாடை வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனைக்கும் எம்சிபி, அதாவது கரண்டைத் தானாகவே துண்டிக்கிற சுவிட்ச், ஒருமுறைகூட விழவில்லை. அளவுக்கு மீறி கரண்ட் பாய்ந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். பிளக்கின் பின் தளர்ந்து லூஸாக உட்கார்ந்திருந்தால், பாய்கிற கரண்ட் அளவுக்குள்ளேதான் இருக்கும், ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும் நாள்கணக்கில் காய்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் முதல் வேலையாக, மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒவ்வொரு பிளக்கையும் வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயிண்டையே மாற்றச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே வேண்டாம். 2000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், பல பாக்ஸ்களில் 6 ஆம்பியர்தான் எழுதியிருக்கும். அதற்குச் சுவரில் தனி பாயிண்ட் வேண்டும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி வைக்கிற பழக்கம் வரவேண்டும்.

அடுத்தது வெட்டுத் துணி. 1911-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். அந்தத் தீ ஆரம்பித்தது, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் வெட்டுத் துணி சேர்த்துவைத்திருந்த பெட்டியில்தான். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்ததால் பலர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். உங்கள் மேஜைக்கு அடியிலும் ஒரு பெட்டி இருக்கும், அதை தினமும் காலி செய்யுங்கள்.

கதவு விஷயத்தில்தான் எனக்குப் பெரிய பயம். முன்னறை கடையாகிவிட்டால் சரக்கு மெல்ல மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து வந்துவிடும். அதே வழியில் பேட்டரி வண்டியையும் நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் நீங்கள் வெளியேற வேண்டிய ஒரே வழியில்தான் தீ நிற்கும். தீ விபத்தில் நிறையப் பேரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான், அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்கும்போது மூக்கும் நம்மை எழுப்பிவிடாது. ஆகவே படுக்கையறைக்கு வெளியே ஒன்று, கடை அறையில் ஒன்று என்று புகை அலாரம் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், 10 வருடத்தில் அலாரத்தையே மாற்றிவிட வேண்டும். வாசல் சாவி எப்போதும் ஒரே ஆணியில், கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். ஒருநாள் ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து வாசல்வரை சுவரைத் தடவிக்கொண்டே குனிந்து போய்ப் பாருங்கள், எந்தப் பண்டலில் கால் இடறுகிறதோ அதை அப்போதே நகர்த்திவிடுங்கள்.

சமையலறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, தீயணைப்பானுக்கு வருவோம். உங்களுக்கு ஏபிசி பவுடர் வகை பொருந்தும். துணி, எண்ணெய், மின்சாதனம் மூன்றிலும் பயன்படுத்தலாம், ஆனால் வாணலித் தீக்கு மூடிதான், பவுடரின் வேகம் எண்ணெயைச் சிதறடித்துவிடும். துணி பண்டலில் பவுடர் மேல்தீயைத்தான் அடக்கும், உள்ளே கனன்றுகொண்டிருப்பது அரை மணி கழித்தும் திரும்பப் பற்றும். அதனால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை அணைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். சின்ன அளவு கருவி 10, 15 வினாடிதான் பீய்ச்சும். ஒரு குப்பைக்கூடை அளவுத் தீவரைக்கும்தான் நீங்கள் நின்று முயற்சி செய்யலாம், அதற்கு மேல் போனால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவதுதான் சரி. கருவியின் பூட்டுப் பின்னை இழுத்து, தீயின் அடிப்பாகத்தில் அடிக்க வேண்டும், மேலே எழும் ஜுவாலையில் இல்லை. கருவியின் அழுத்த மீட்டரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மாட்டும் இடம் மிஷினுக்கோ அடுப்புக்கோ பக்கத்தில் வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கிருந்து எடுத்துத் திரும்பினால் தீ உங்களுக்கு முன்னாலும் வாசல் முதுகுக்குப் பின்னாலும் இருக்கும்.