65,000 ரூபாய் கட்ட வேண்டாம், கோணத்துக்கு பஸ் ஏறுங்கள்

கேள்வி: என் அக்கா மகனுக்கு 19 வயது. பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டது. அப்பா இல்லை. அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறாள். பையன் ஒரு கொத்தனாருடன் நெய்யாற்றின்கரை பக்கம் கையாளாகப் போகிறான். மார்த்தாண்டத்தில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் 'கட்டிட மேற்பார்வையும் சேப்டியும்' டிப்ளமோ படித்தால் கல்ஃபில் வேலை உறுதி என்கிறார்கள். 65,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? (வாசகர், திருவட்டாறு வட்டம்)

பதில்: கட்ட வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

சேப்டி, கியூசி (தரக் கட்டுப்பாடு) போன்ற குறுகிய படிப்புகள் ஏற்கெனவே டிப்ளமோவோ பொறியியலோ முடித்தவர்களுக்கு ஓரளவு உதவும். பத்தாவது முடிக்காத பையனை எந்த நிறுவனமும் சூப்பர்வைசராக எடுக்காது. அங்கே போனாலும் ஹெல்பர் வேலைதான் கிடைக்கும். அதற்கு 65,000 எதற்கு?

அந்த நிறுவனம் தரும் சான்றிதழின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே மூவர்ணப் பட்டை, நடுவில் தங்க நிற முத்திரை, ஓரத்தில் ஐஎஸ்ஓ 9001 என்று இருக்கும். பார்த்தவுடன் அரசாங்கம் கொடுத்தது போலவே தோன்றும். ஐஎஸ்ஓ என்பது அந்த அலுவலகம் நடக்கும் முறைக்கு வாங்கிய சான்று, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. நீங்கள் தேட வேண்டியது என்சிவிடி அல்லது எஸ்சிவிடி என்ற பெயரை. தொழிற்பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் மத்திய, மாநில அரசு அமைப்புகள் இவை. "அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "பேட்ச் நாளைக்கே முடிகிறது, இன்றைக்கு 5,000 கட்டி சீட்டைப் பிடியுங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் அப்படியே. பள்ளி மாற்றுச் சான்றிதழின் அசலை அங்கே கொடுத்துவிட வேண்டாம். பாதியில் நின்ற பிள்ளைகளின் அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதிப் பணம் கேட்பது இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரிந்த கதை.

சரி, பையனுக்கு என்ன வழி? நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் ஆட்கள் ஐடிஐ என்போம். பத்தாவது பெயிலானவனுக்கு ஐடிஐ கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சி போதும். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், ஆகவே 19 ஒரு பிரச்சினையே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவனுக்கும் வருமா என்று சேரும்போதே அங்கு கேளுங்கள்.

என்னைக் கேட்டால் வயர்மேன். அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கல்ஃப் கனவு உள்ள வீடுகளில் இந்த ஒரு விஷயம்தான் யாருக்கும் தெரிவதில்லை. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகையில் வரும். அதாவது சவூதி, குவைத், கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறினால் அந்த அனுமதி தேவையில்லை என்பது பலருக்குத் தெரியும். என்சிவிடி அல்லது எஸ்சிவிடி அங்கீகாரமுள்ள நிலையத்தில் இரண்டு வருடப் படிப்பு முடித்தவருக்கும் தேவையில்லை என்பது தெரியாது. வயர்மேன் இரண்டு வருடப் படிப்பு, வெல்டர் ஒரே வருடம். வெல்டர் படித்தால் கைத்தொழில் வரும், ஆனால் பாஸ்போர்ட் பழைய வகையிலேயே நிற்கும். எட்டாவது முடித்து வயர்மேனில் தேறியவனுக்கு இரண்டும் கிடைக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இந்த அனுமதியில்தான் ஏஜென்டுகள் விளையாடுகிறார்கள். விசிட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிப் போனவனுக்கு முறையான ஒப்பந்தமும் இல்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கான 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் இல்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். உரிமம் உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அந்தத் தளத்தை ரப்பர் வெட்டும் ஓர் அம்மா எப்படித் திறந்து பார்ப்பார் என்று அரசாங்கத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் அக்கா கேட்கப் போகும் கேள்வி: "இரண்டு வருடம் அவன் கூலி இல்லாமல் வீடு எப்படி ஓடும்?" நியாயமான கேள்வி. ஐடிஐ கொடுக்கும் மாத உதவித்தொகையை ஒரு கையாள் ஒரே நாளில் சம்பாதித்துவிடுவான். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சேராததற்கும், சேர்ந்து மூன்றாம் மாதம் நின்றுபோவதற்கும் முதல் காரணம் இதுதான். அரசு நிலையங்களில் இடம் காலியாகக் கிடக்கிறது என்று அதிகாரிகள் வருடந்தோறும் வருத்தப்படுகிறார்கள். உதவித்தொகையை உயர்த்துங்கள், இடம் தானாக நிரம்பும்.

வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்காவிட்டால் குறுகிய காலப் பயிற்சிக்குப் போகட்டும். கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அங்கே சாப்பாட்டுடன் இலவசமாகச் சில வாரப் பயிற்சிகள் நடக்கும், வீட்டு மின்னிணைப்புப் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியூர் போய்த் தங்கத் தயாரென்றால், காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானப் பயிற்சி மையத்தில் கொத்து, கம்பி கட்டுதல், பலகை அடைத்தல் எல்லாம் கட்டணமின்றிச் சொல்லித் தருகிறார்கள்.

பயிற்சியால் என்ன மாறும் என்று பையனே கேட்பான். இன்றைக்கு அவன் கலவை குழைக்கிறான், சட்டி சுமக்கிறான், கல் எடுத்துக் கொடுக்கிறான். கொத்தனார் மனது வைத்தால்தான் கரண்டி கைக்கு வரும். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடிக்கப் பழகுவான், ஆனால் வரைபடத்தைப் பிரித்து எந்த இடத்தில் எந்தக் கம்பி, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இடைவெளி என்று படிக்க அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பெரிய சைட்டில் கூலி ஏறுகிறது.

ஐடிஐ விண்ணப்பம் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தொடங்கும். முதல் சுற்று தவறினால், காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். அதை எதிர்பார்த்து இப்போதே சாதிச் சான்று, வருமானச் சான்று வாங்கி வையுங்கள். இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்று 500 கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அவன் வேலைக்குப் போகிறவரை கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். 18 வயது ஆகிவிட்டது, பதிவுக்குக் கட்டணம் இல்லை. பத்தாவது மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கோணத்துக்குப் போய், வயர்மேன் பிரிவில் எப்போது சேர்க்கை என்று நேரில் கேளுங்கள். போனில் கேட்டால் சரியான பதில் வராது.