பாற்பல்தானே என்று விடலாமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகனுக்கு மூன்றரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி, ஓரம் உடைகிறது. கீழ்ப்பல் நன்றாக இருக்கிறது. வலி இல்லை. "விழப்போற பல்தானே" என்கிறார் மாமி. டவுனில் ஒருவர், புழு வைத்துவிட்டது, நான்கையும் பிடுங்கவேண்டும் என்கிறார். எப்போது டொக்டரிடம் காட்டுவது?

பதில்: இந்த வாரமே காட்டுங்கள், தங்கச்சி. முறைப்படி முதல் பல் முளைத்ததும், பிந்தினால் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை காட்டவேண்டும். ஐந்து நிமிட வேலை. உங்களைக் குறை சொல்லவில்லை. கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கிறோம், ஊசி போடுகிறோம், மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க மட்டும் நேரமில்லை என்கிறோம். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கட்டத்தில் வந்தால் பல்லைத் துளைக்காமலே சொத்தையை நிறுத்திவிடலாம்.

மேல் நான்கும் போய், கீழ்ப்பல் நன்றாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் இராப் போத்தல்தான் காரணம். சீனி போட்ட தேத்தண்ணியோ பால்மாவோ, போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளை தூங்கினால், இனிப்பு மேல்பல்லில் தேங்கி நிற்கும். தூக்கத்தில் எச்சில் குறைவாகவே ஊறும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றுகிறது. படுக்கையில் இனி வெறும் தண்ணீர்தான். பட்டாணி அளவு புளோரைட் பற்பசை வைத்து, இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள்.

மாமி சொல்வது பாதி சரி. முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழும். ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் 10, 12 வயதுவரை இருக்கவேண்டியவை. முன்னால் தொடங்கும் சொத்தை அடுத்து அங்கேதான் போகும். அவற்றை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் சரிந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

அந்த டவுன் மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பல்லில் புழு என்று ஒன்று கிடையாது. புழு எடுத்துக் காட்டுகிறவர் அதைக் கையோடு கொண்டுவந்தவர். பல் செட் கட்டுகிற சிலரும் போர்டு மாட்டி டொக்டர் ஆகிவிடுகிறார்கள். இலங்கை மருத்துவ சபையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் கோபம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். த்ரீவீல்காரர் கொண்டுபோய் விடுகிற இடத்திலும் கவனம் தேவை, சிலருக்கு அங்கே கமிஷன் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பார்ப்பது இலவசம். பாடசாலைப் பல் கிளினிக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், 3 வயதிலிருந்தே பார்ப்பார்கள். இதை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கறுப்பெல்லாம் சொத்தை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மருந்து குடிக்கும் பிள்ளைக்குப் பல் கறுக்கும். அது கறை. வழவழப்பாக, பல பற்களில் ஒன்றுபோலப் படிந்திருக்கும், குழி விழாது, ஓரம் உடையாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். கறைக்குப் பயந்து மருந்தை நிறுத்தின அம்மாமார் உண்டு. நிறுத்தவே கூடாது. குடித்ததும் வாய் கொப்பளிக்க வைத்தால் போதும், கறையை நாங்கள் தேய்த்து எடுத்துவிடுவோம். உங்கள் மகனுக்கு ஓரம் உடைகிறது, அதனால் அவனுடையது கறை இல்லை.

முகம் வீங்கினாலோ, ஈறில் சீழ்க் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஒருநாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்று தெரியும். கொழுந்து எடுக்கிற நேரத்தில்தான் எங்கள் கிளினிக்கும் திறந்திருக்கிறது, யார் போட்ட அட்டவணையோ! நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள். "ஊசி போடமாட்டாங்க" என்று பிள்ளையிடம் சத்தியம் செய்யாதீர்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இராப் போத்தல் கொடுப்பது அவராக இருந்தால், நான் இங்கே எழுதியதை டொக்டர் வாயால் அவரே கேட்கட்டும்.