பாயில் ஹைட்ஸின் அண்டைவீட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் யூதக் குடும்பங்களும் ஜப்பானியக் குடும்பங்களும் நெருங்கிப் பழகியதாகப் படித்தேன். தாங்களே வெறுப்புக்கு ஆளானதால்தான் யூதர்களால் பிறரை அரவணைக்க முடிந்ததா? யூதர்களுக்கு விசா வழங்கிய சுகிஹாராவையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுகிஹாராவை விட்டுவிடுங்கள். அவர் 1940இல் லிதுவேனியாவின் கவுனாஸில் மேலிடத்தை மீறிய ஜப்பானியத் தூதரக அதிகாரி, அண்டைவீட்டுக்காரர் அல்லர். என்னைச் சீண்டியது உங்கள் முதல் கேள்விதான். அடிபட்டவனுக்கு அடிபடுபவன்மேல் தானாக இரக்கம் வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையை எங்கிருந்துதான் பொறுக்கி வருகிறீர்களோ!

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பிரீட் தெருவிலுள்ள பழைய யூத ஆலயத்தின் செங்கல் முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்; தெருவில் காதில் விழுந்ததெல்லாம் ஸ்பானிய மொழி. யூதர்களும் ஜப்பானியர்களும் மெக்சிகோக்காரர்களும் அங்கே அடுத்தடுத்துக் குடியிருந்தது மனவிசாலத்தால் அல்ல. நகரின் வேறு பல பகுதிகளில் வெள்ளையர் அல்லாதாருக்கும், சில இடங்களில் யூதர்களுக்கும், விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரே ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்கள், பழகினார்கள். அந்தப் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டு, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தபோது, யூத அமைப்புகளில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. ஹிட்லருடன் போரிடும் அரசைக் குறைசொல்ல அவர்களுக்குத் துணிவில்லை. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அதற்கு அரவணைப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

உங்களுக்கு ஒருவரைக் காட்டுகிறேன். எலைன் பிளாக், ரஷ்ய யூதக் குடியேறிகளின் மகள், தொழிற்சங்கப் போராளி. ஜப்பானிய வம்சாவளித் துறைமுகத் தொழிலாளியான கார்ல் யொனெடாவை வெள்ளைக்காரியான அவர் மணக்கக் கலிஃபோர்னியச் சட்டம் இடம்தராததால், 1935இல் இருவரும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய் மணந்துகொண்டார்கள். முகாம் கட்டும் வேலைக்காக கார்ல் முன்னதாகவே கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமுக்குப் போய்விட்டார். பின்னர் மூன்று வயது மகனும் முகாமுக்கு வந்தாக வேண்டும், வெள்ளைக்காரியான தாய் வர வேண்டியதில்லை என்றது ராணுவம். எலைன் விடாப்பிடியாக நின்று பிள்ளையோடு போனார். அதே எலைன், பாசிசத்தை முதலில் முறியடிக்க வேண்டும் என்ற கம்யூனிஸ்ட் கட்சி நிலைப்பாட்டில் நின்று, அந்த ஆணையை அப்போது எதிர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். மன்சனார் இருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் புழுதியில் மாதக்கணக்கில் இருந்தார். டிசம்பரில் முகாமில் கலவரம் வெடித்தபின் தாயும் மகனும் வெளியேறினார்கள்; கார்ல் அதற்குள் அமெரிக்க ராணுவத்தின் உளவுப் பிரிவில் சேர்ந்து போயிருந்தார்.